பதினொரு கொண்டைக்குருவிகள்

ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அந்தக் கடமைக்காக மட்டுமே ஸக்கரியா ஹாஜியார் தன் மகள் ஜெஸ்லாவோடு கடைசி ஒன்பது மாதமும் வாய் திறந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து மாத்தளைக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஸலாம் சொல்வாள். அவரும் குறையில்லாமல் பதில் சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட மனைவி நோனாவிடம்தான் கேட்பார், உப்புக் கிண்ணம் மகளின் கையருகே இருந்தாலும்.

ஹாஜியாரின் குடும்பம் மாத்தளையில் மூன்று தலைமுறையாக மிளகும் கறுவாப்பட்டையும் விற்ற குடும்பம். கடையைத் தம்பி பஸ்லியிடம் விட்டுவிட்டு அவர் மட்டும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார். மலேரியா காய்ச்சல்காரர்களின் விரலைக் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் ஒட்டுண்ணி தேடும் வேலை. நாவுல, நாலந்தா, தம்புள்ளை என்று முப்பத்துநான்கு வருடம். அவர் பார்த்த ஸ்லைட்டுகள் மறுபரிசோதனைக்குப் போய்த் தவறென்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லும்போது அவர் முதுகு தானாகவே நிமிரும்.

மகள் விலங்கியல் படித்துவிட்டு, காட்டுப் பறவைகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணி தேடும் ஆராய்ச்சியைக் கையில் எடுத்தாள். இரத்தோட்டைக்கு மேலுள்ள மலைக்காட்டில் விடியற்காலையில் மயிரிழை போன்ற வலைகளைக் கட்டுவார்கள். சிக்கும் பறவையின் இறக்கைக்கு அடியிலுள்ள நரம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்துவிட்டு, அதைப் பறக்கவிடுவார்கள். அந்தச் சொட்டைக் கண்ணாடியில் இழுத்துச் சாயமிட்டுப் பார்ப்பது ஜெஸ்லாவின் வேலை. பார்க்கப் போனால் வாப்பாவின் தொழில்தான். நோயாளி மட்டும்தான் வேறு.

ஆனால் செய்தி அவர் காதுக்கு அப்படி வரவில்லை. அவரை 'நானா' என்று அழைக்கும் தம்பி பஸ்லி வழியாக வந்தது.

"நானா, எங்கட ஜெஸ்லா காட்டுக்குள்ள ஆம்புளப் பொடியன்மாரோட கூடாரம் அடிச்சித் தங்குறதாம். இரத்தோட்டை பஸ்ஸுல வாற ஆக்கள் கடையில நிண்டு கதைக்கிறாங்க. எனக்கு மொகத்தை எங்க வெக்கிறண்டு தெரியல்ல."

அன்றிரவே ஹாஜியார் மகளைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார்.

"நீங்க முப்பத்திநாலு வருஷம் செஞ்ச வேலதானே வாப்பா நானும் செய்யிறன்?" என்றாள்.

"நான் மனுஷன்ட ரத்தம் பாத்தேன். குருவி புடிக்கப் போகல்ல. இந்த வூட்டுப் பேரக் காட்டுல கொண்டு போய்த் தொங்கவிடாத."

அவள் அடுத்த முகாமுக்கும் போனாள். அவர் பேச்சை நிறுத்தினார்.

அடுத்த வருடம் ஜூலையில் நாடு முழுக்க எரிபொருள் வரிசை நீண்டு கிடந்த நாளில் அவள் கடைசி முகாமுக்குப் போனாள். திரும்பும்போதே காய்ச்சல். டெங்கு என்று தெரிவதற்குள் மூன்று நாள் கழிந்துவிட்டது. ஐந்தாம் நாள் மவுத்தானாள். வயது இருபத்தொன்பது. அடக்கத்துக்கு ஜனாஸாவை எடுக்கும்போது ஹாஜியார் அழவில்லை. அவருடைய மனஉறுதியைப் பலரும் மெச்சினார்கள்.

*

ஏழு மாதம் கழித்து ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு மரப்பெட்டியையும் ஒரு நுணுக்குக்காட்டியையும் இறக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். ஜெஸ்லாவின் ஆராய்ச்சியை மேற்பார்த்த விரிவுரையாளர், பெயர் ரஜனி. நாற்பதைத் தொடும் வயது. ஹாஜியார் உட்காரச் சொன்னார். பேச்சை வைத்து ஊரை அறிந்துகொண்டு, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்து ஆளிடம் எல்லோரும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார்.

"எந்தத் தோட்டம்?"

"இப்ப பல்கலைக்கழகத் தோட்டங்க," என்றார் ரஜனி. "பொறந்தது இரத்தோட்டைக்கு மேல. அப்பா பேரு இராமசாமி. கங்காணியில்ல, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுனவரு. அடுத்து அதத்தான் கேப்பீங்கன்னு ஜெஸ்லா முன்னாடியே சொல்லியிருக்கா."

தேத்தண்ணி கொண்டுவந்த நோனா முக்காட்டுத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஏழு மாதத்தில் அந்த வீட்டில் ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த வேகத்திலேயே அவள் கண் நிறைந்து, உள்ளே போய்விட்டாள்.

ரஜனி விஷயத்தைச் சொன்னார். பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்லைட்டுகள். அவற்றில் இருநூற்றொன்றை ஜெஸ்லா பல்கலைக்கழகத்தில் சாயமிட்டுப் பார்த்திருக்கிறாள். அறுபத்துநான்கில், ஏற்கெனவே பல நாடுகளில் அறியப்பட்ட ஓர் ஒட்டுண்ணி. மிச்சம் பதினொன்று கடைசி முகாமில், அங்கேயே சாயமிட்டுப் பார்த்தவை. காதோரம் மஞ்சள் மயிர்க்கற்றை உள்ள மலைக் கொண்டைக்குருவிக்காகவே போட்ட முகாம் அது. அந்தப் பதினொன்றிலும் யாரும் எழுதி வைக்காத ஒரு வடிவத்தைக் கண்டதாக அவள் குறித்திருக்கிறாள்.

"எனக்குப் பறவை தெரியும், ரத்தம் படிக்கிறதுல நான் அரைகுறைங்க. டி.என்.ஏ. பாக்குறதுக்கு எடுத்து வச்சதெல்லாம் பவர் கட்டுல கெட்டுப்போச்சு. மறுபடி புடிக்க அனுமதி வாங்க ரெண்டு வருசமாவது ஆகும். இந்த ஸ்லைட்டுங்க மட்டுந்தான் மிச்சம். ரெண்டாவதா ஒரு ஆள் பாத்துக் கையெழுத்துப் போட்டா, கட்டுரைய அவ பேர்ல அனுப்பலாம்."

"தகப்பன் பார்த்தா எடுபடுமா?"

"தகப்பன்னு சொல்லியே அனுப்புவோம். முப்பத்திநாலு வருசத்தையும் சொல்லுவோம்." ரஜனி பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். "அவளே ஒங்ககிட்ட கொண்டு வரணும்னு இருந்தா. 'கோவம் ஆறட்டும் மிஸ்'னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தா."

ஹாஜியார் பெட்டியின் கொளுக்கியைத் திறந்து மூடினார். "சனிக்கிழம வாங்க," என்றார்.

அன்று மாலையே பஸ்லி வந்துவிட்டார். விஷயம் கடை வரைக்கும் எட்டியிருந்தது.

"புது இனமண்டு உறுதியானா அந்தப் பூச்சிக்கு ஜெஸ்லாட பேரையே வெக்கலாமாம், நெசமா?"

"பூச்சியில்ல. ஒட்டுண்ணி."

"அதென்னமோ. ஒட்டுண்ணிக்கா எங்கட வூட்டுப் பேரு?" என்று பஸ்லி முகத்தைச் சுளித்தார். பிறகு யோசித்துவிட்டு, "பரவாயில்ல. உலகம் முழுக்கப் புத்தகத்துல ஈக்குமே. ஒரு கையெழுத்துத்தானே நானா, போட்டுக் குடுங்க. அண்டைக்குக் கடையில நிண்டு கதைச்ச வாயெல்லாம் மூடிக்கிடும்," என்றார்.

அன்றைக்கு முதலில் திறந்த வாய் எதுவென்று ஹாஜியார் தம்பிக்கு நினைவுபடுத்தவில்லை.

*

அறையின் ஜன்னலோரம் மேசையைப் போட்டு உட்கார்ந்தார். பறவை இரத்தம் அவருக்குப் புதிது. மனிதனின் செங்குழியம் என்ற சிவப்பணு வட்டமாக, நடு வெறுமையாக இருக்கும். பறவையினுடையது நீள்வட்டம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா நிறத்தில் ஒரு கரு. முதல் அரை மணி நேரம் எல்லா அணுவிலும் நோய் இருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. மகளின் குறிப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, அவள் வரைந்த படங்களோடு ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்கிக்கொண்டார்.

பிறகு வேலை ஓடியது. ஒரு ஸ்லைட்டில் பத்தாயிரம் அணு பார்த்து, நோயுள்ளது எத்தனை என்று அவள் எழுதியிருந்தாள். அந்த எண்ணைப் பார்க்காமல் தன் கணக்கைத் தாளில் எழுதுவார். பிறகு புத்தகத்தைத் திருப்புவார். அவர் நாற்பத்தொன்று என்ற இடத்தில் அவள் நாற்பது. அவர் ஏழு என்ற இடத்தில் அவளும் ஏழு. எண்ணிப் பார்க்க எடுத்த சில போக மற்றவற்றை எண்ணாமல் ஓட்டிப் பார்த்தார். அறுபத்துநான்கில் ஒன்றும் பிசகவில்லை. ஒட்டுண்ணி இல்லையென்று அவள் ஒதுக்கியவற்றிலும் இல்லை.

இரத்தத்தை இழுத்திருந்த விதம்கூட அவருடையதுதான். கண்ணாடியில் நாக்கு வடிவத்தில், நுனி தேய்ந்து மெலிய. சின்ன வயதில் அவர் வேலை செய்யும் மேசையின் கால்மாட்டில் உட்கார்ந்து, கழித்துப் போட்ட கண்ணாடித் துண்டில் பீட்ரூட் சாற்றை இழுத்து விளையாடுவாள். கையை வெட்டிக்கொள்வாள் என்று அவர் அதட்டியிருக்கிறார்.

"பாத்துக்கிட்டே ஈக்கிறீங்க. சோறு ஆறுது," என்று நோனா வாசலில் வந்து நின்றாள். "எப்பிடி ஈக்கிது, புள்ளட வேல?"

"நல்லா ஈக்கிது," என்றார். நோனாவுக்கு அது போதாமல் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "என்னய விட நல்லா ஈக்கிது," என்றார். உயிரோடிருந்தபோது ஒரு நாளும் சொல்லாதது.

வியாழக்கிழமை காலையில் அந்தப் பதினொன்றை எடுத்தார்.

முதல் ஸ்லைட்டிலேயே தெரிந்தது. செங்குழியத்தின் ஓரத்தில் அழகான வளையம், நடுவில் கருஞ்சிவப்புப் புள்ளி. படத்தில் அவள் வரைந்திருந்தது போலவே. அந்த ஒரு நிமிடம் அவர் தகப்பனாக மட்டும் இருந்தார். பிறகு வலது கை பழக்கத்தால் நுணுக்குக்காட்டியின் நுண்திருகைத் தொட்டது.

மயிரளவு திருகினார். செங்குழியம் மங்கியது, வளையம் துலங்கியது. எதிர்ப்பக்கம் திருகினார். செங்குழியம் துலங்கியது, வளையம் மங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் துலங்கவேயில்லை. அணுவுக்குள் இருக்கும் பொருள் அணுவோடு சேர்ந்துதான் தெளியும். இது அணுவுக்கு மேலே கிடந்தது. தூசி ஒரு துணியின் மேல் கிடப்பதுபோல.

பதினொன்றையும் பார்த்தார். பதினொன்றிலும் அப்படித்தான். வளையங்கள் சில அணுக்களுக்கு இடையிலான வெற்றிடத்திலும் கிடந்தன. 'உடைந்த அணுவிலிருந்து வெளிவந்தவை' என்று அவள் அவற்றுக்குக் காரணம் எழுதியிருந்தாள்.

அது ஒட்டுண்ணி இல்லை. சாயத்தோடு வந்த அழுக்கு. தண்ணீரில் வளரும் கண்ணுக்குத் தெரியாத பாசி. நாவுலயில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவருடைய மேலதிகாரி காட்டிக்கொடுத்தது அது. இத்தனை கூர்மையான கண்ணுக்கு இது எப்படித் தப்பியது? சாயம் கலந்த தண்ணீரை முதலில் சந்தேகிக்க வேண்டுமென்று அவளுக்கா தெரியாது?

குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். முகாமின் இரண்டாம் நாள் கீழே, அவசரக் கையெழுத்தில், இரண்டு வரி: 'வாகனத்துக்கு டீசல் இல்லை, பேராதனை போக முடியாது. காய்ச்சி வடித்த நீர் முடிந்தது. சாயத்துக்கு எங்கள் வீட்டுக் கிணற்று நீர்.'

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அதே வரியைப் படித்தார். பிறகு நோனாவைக் கூப்பிட்டார்.

"ஜெஸ்லா கிணத்துத் தண்ணி கொண்டு போனாளா?"

நோனா பயந்துபோனாள். ஒளித்துச் செய்த காரியம் ஏழு மாதம் கழித்துப் பிடிபட்டதுபோல நின்றாள். "ரெண்டு போத்தல். நான்தான் அள்ளிக் குடுத்தேன். நீங்க அஸர் தொழப் பள்ளிக்குப் போன நேரம். தண்ணி முடிஞ்சா பாவிக்கலாமண்டு சொல்லிச்சி. 'உம்மா, வாப்பா இந்தத் தண்ணிலதானே சாயம் போடுவார், இதுக்கு ஈடு வேறெங்கயும் இல்லண்டு சொல்லுவாரே'ண்டு..." அவள் முகம் மாறியது. "ஏன், அதுல ஏதும் பிழையா?"

"இல்ல," என்றார். "சும்மாதான் கேட்டேன்."

*

வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் ஹாஜியார் அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டதில்லை. அவருடைய வாப்பாவின் வாப்பா வெட்டிய கிணறு. எண்பதுகளில் அரசாங்கம் காய்ச்சி வடித்த நீர் அனுப்புவது தடைப்பட்ட மாதங்களில், இந்தக் கிணற்று நீரில்தான் சாயம் கலந்தார். "அப்படியே அள்ளிக் கலந்தேன். பளிங்கு மாதிரி வந்தது. மறுபரிசோதனையில ஒருத்தன் வாய் திறக்கல்ல." ஜெஸ்லா இதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள்.

அப்படியே அள்ளிக் கலக்கவில்லை. இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, ஓர் இரவு ஆறவைத்து, வடிகட்டும் தாளில் இரண்டு தடவை வடித்த பிறகுதான் கலந்தார். அந்த வேலையை உத்தியோகம் பார்த்த கந்தோரிலேயே முடித்துவிடுவார். கதை சொல்லும்போது அதைச் சேர்த்தால் கிணற்றின் பெருமை குறைந்துவிடும் என்று விட்டுவிட்டார். முதலில் தெரிந்தேதான் விட்டார். சொல்லிச் சொல்லி, பின்னால் அந்தக் கதையே அவருக்கு உண்மைபோலப் பழகிப்போனது. வேறு எந்தக் கிணற்று நீராக இருந்திருந்தாலும் அவள் கொதிக்கவைத்திருப்பாள், வடித்திருப்பாள், வளையத்தைக் கண்டதும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகித்திருப்பாள்.

ஊகத்தை வைத்து முடிவு எழுதி அவருக்குப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் தன் இடதுகை மோதிர விரலைக் குத்தி இரண்டு ஸ்லைட் இழுத்தார். ரஜனி வைத்துவிட்டுப் போன சாயத்தில் ஒன்றைக் கிணற்று நீரை அப்படியே கலந்து முக்கினார். மற்றதை, முதல் நாளே கொதிக்கவைத்து வடித்த நீரைக் கலந்து முக்கினார். காய்ந்த பிறகு பார்த்தார். வடித்த நீரில் அவருடைய இரத்தம் சுத்தமாக இருந்தது. மற்றதில், எழுபதாவது வயதில் ஒரு காய்ச்சலும் இல்லாத அவருடைய அணுக்களின் மேல், அதே வளையங்கள். நடுவில் அதே கருஞ்சிவப்புப் புள்ளி.

இனி அவர் செய்யவேண்டியது ஒரு கையெழுத்து. 'கண்டேன்' என்று போட்டால் மகளின் பெயர் அச்சேறும். மறுபடி பறவை பிடித்துப் பார்க்க யாருக்கும் இரண்டு வருடம் ஆகும். அதுவரை தான் இருப்போமோ இல்லையோ என்று நினைத்தார். அவள் கேட்ட எதையும் கொடுக்காத கை. இந்த ஒன்றைக் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம்?

அந்த நினைப்போடு அவர் அஸர் தொழுகை வரை உட்கார்ந்திருந்தார். முப்பத்துநான்கு வருடத்தில், இல்லாத நோயை இருக்கிறதென்று எழுதச் சொல்லி லீவுக்காக வந்து கெஞ்சியவர்கள் உண்டு. அவர்களையெல்லாம் விரட்டியிருக்கிறார். அவள் அந்த மேசையின் கால்மாட்டில் இருந்து அதையும் பார்த்திருக்கிறாள்.

பேனாவை எடுத்தார்.

*

சனிக்கிழமை ரஜனி வந்தபோது பஸ்லியும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். நோனா கதவோரம் நின்றாள். ஹாஜியார் தாளை நீட்டினார். ரஜனி படித்தார். பதினொரு எண்களுக்கும் எதிரே 'இல்லை' என்றிருந்தது.

"ஒண்ணுகூடவாங்க?"

"வந்து பாருங்க." தன் இரத்த ஸ்லைட்டை வைத்துக் காட்டினார். ரஜனி திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டார்.

"மத்த அறுபத்திநாலும் சரி," என்றார் ஹாஜியார். "எழுத்துக்கெழுத்து சரி. அதையும் எழுதியிருக்கேன்."

"என்ன நானா இது?" பஸ்லி எழுந்துவிட்டார். "செத்த புள்ளட பேர்ல பிழ எழுதிக் குடுக்கிறீங்களே! தகப்பன் செய்யிற வேலயா?"

ரஜனி தாளின் கடைசி வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சாயத்துக்கு எடுத்த கிணற்று நீர் கொதிக்கவைத்து வடிக்கப்படவில்லை. வடிக்காமலே பாவிக்கலாம் என்று ஆராய்ச்சியாளருக்குச் சொன்னவர் கீழே கையொப்பமிடும் நான். அது பொய்.'

"இது தேவையில்லைங்க ஹாஜியார். 'நீரில் மாசு'ன்னு போட்டா போதும். யாரும் காரணம் கேக்க மாட்டாங்க."

"கேக்காட்டி அது அவள்ட பிழயா நிக்கும்."

"ஒங்க பேரு..."

"என்ட பேர்தான் அது. அத வெட்ட வேணாம்."

பஸ்லி சொல்லிக்கொள்ளாமல் போனார். ரஜனி பெட்டியையும் நுணுக்குக்காட்டியையும் வேனில் ஏற்றினார். பெரிய கட்டுரை இனி இல்லை. பழகிய ஒட்டுண்ணியைப் பற்றிச் சிறிதாக ஒன்று எழுதலாம், நேரம் பிடிக்கும் என்றார். நோனாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

வேன் திரும்பிய பிறகு நோனா கதவைச் சாத்தவில்லை. "நான் குடுத்த தண்ணி," என்றாள்.

"ஒன்ட பிழயில்ல. நான் சொல்லிக் குடுத்தது பிழ."

"அண்டைக்கு நீங்க வூட்டுல ஈந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்த சொல்லியிருப்பீங்க. பேசாட்டியும் அதயாவது சொல்லியிருப்பீங்க. அந்த நேரம் பாத்துப் பள்ளிக்குப் போயிட்டீங்க."

அவளுக்கு அந்த ஆறுதல் வேண்டியிருந்தது. ஹாஜியாருக்கு அது தெரிந்தது. இந்த இடத்தில் பேசாமல் இருந்துவிட்டால் அது அவளிடம் பத்திரமாக இருக்கும்.

"நான் போகல்ல," என்றார்.

"என்ன?"

"முழங்கால் வலி. அண்டைக்குப் பள்ளிக்குப் போகல்ல. பின்னறையில படுத்திருந்தேன். வாளிச் சத்தம் கேட்டது. அவள் சொன்னதும் கேட்டது. முந்தாநாள் ஒன்னிட்ட கேட்டதும் தெரிஞ்சிக்கிட்டேதான். கொதிக்கவெச்சி வடிக்கணுமண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நான் முதல்ல பேசினதா ஆயிடுமேண்டு படுத்தே கெடந்தேன்."

நோனா அவரைப் பார்த்தாள். பிறகு அவரைக் கடந்து பின்னறைக்குப் போய், கட்டிலில் கிடந்த அவருடைய தலையணையையும் போர்வையையும் எடுத்து வந்து முன்னறை வாங்குப் பலகையில் வைத்தாள். பின்னறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் அழும் சத்தம் கேட்டது.

ஹாஜியார் வாங்கில் உட்காரவில்லை. கதவருகே நின்றார்.

"நோனா," என்றார்.

அவர் நின்றுகொண்டே இருந்தார்.